பட்டறைத் தாத்தா பதில்கள்: தனி ஆள் பறக்கும் வண்டி

போன இதழில் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸிலிருந்து பையன் ஒருவன் பறக்கும் வண்டி பற்றிக் கேட்டிருந்தான். இடம் போதவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒரு வரி போட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். அதனால் ஒழுகும் குழாய், வாஷிங் மெஷின், பேக்கி (சின்ன லோடு வண்டி) கிளட்ச் எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும். இந்த மாதம் முழுக்க வானம்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் டர்பன் வர்ஜீனியா விமானத்தளத்தில் ஹெலிகாப்டர் பழுதுபார்த்தே தலை நரைத்தவன் நான். விமானி இல்லை. விமானி இறங்கி வந்து "எங்கேயோ ஒரு சத்தம் வருது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். அந்தச் சத்தத்தைத் தேடுவது என் வேலையாக இருந்தது.

தாத்தா, ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து பறக்கிற எட்டு விசிறி வண்டியை வீடியோவில் பார்த்தேன். இருபது நிமிஷம்தான் பறக்குமாம். பெரிய பேட்டரி போட்டால் ஒரு மணி நேரம் பறக்காதா?
– கிரேடு 11 மாணவன், ஃபீனிக்ஸ்

நீ பார்த்தது ஜெட்சன் ஒன் ஆக இருக்கும். சுவீடனில் தொடங்கிய நிறுவனம். சரி, காகிதம் பேனா எடு. இதைக் கணக்குப் போட்டால்தான் புரியும்.

வண்டி 115 கிலோ என்று வைத்துக்கொள். ஹெல்மெட், ஷூ எல்லாம் சேர்த்து நீ 85 கிலோ. மொத்தம் 200. அந்த 115 சும்மா எடுத்த எண் இல்லை. அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் ஓட்டக்கூடிய அல்ட்ராலைட் வகைக்கு வெற்று எடை 254 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். அது கிட்டத்தட்ட 115 கிலோ. இந்த மாதிரி வண்டிகளில் பல அந்த வரம்புக்குள் அடங்குமாறு செய்யப்படுவதற்குக் காரணம் அதுதான்.

எல்லா விசிறிகளும் சேர்ந்து சுழலும் வட்டப் பரப்பு 4 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள். 200 கிலோவை அந்தரத்தில் நிறுத்த, இழப்புகளையும் சேர்த்தால், சுமார் 40 கிலோவாட் வேண்டும். இப்போது நான் கை வைத்த ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரைப் பார். முழு எடை 622 கிலோ. ரோட்டர் குறுக்களவு 7.67 மீட்டர், அதாவது 46 சதுர மீட்டர் பரப்பு. அதற்குச் சுமார் 80 கிலோவாட். எடை மூன்று மடங்கு, சக்தி இரண்டு மடங்குதான். பெரிய முறத்தை நிதானமாக வீசுவதற்கும் சின்ன பனையோலை விசிறியை வெறி பிடித்து வீசுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் செலவு குறைவு. கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளினால் செலவு அதிகம். வீட்டு வாசலில் நிறுத்துகிற அளவுக்கு வண்டியைச் சின்னதாக்கிய அன்றே இந்தச் செலவு தலையில் ஏறிவிட்டது.

இனி உன் பேட்டரி. 40 கிலோவாட்டில் 20 நிமிடம் என்றால் 13 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. உறை, கம்பி எல்லாம் சேர்ந்த லித்தியம் பேட்டரி கிலோவுக்கு 200 வாட்-மணி தரும் என்று தாராளமாகவே வைத்தால் 67 கிலோ பேட்டரி. மீதி 48 கிலோவில் மோட்டார், சட்டம், சீட், கால் எல்லாம் அடங்க வேண்டும். அதுவே பெரிய சாமர்த்தியம்.

நீ பேட்டரியை இரட்டிப்பாக்குகிறாய். 134 கிலோ. மொத்த எடை 267. இங்கேதான் வம்பு: அதே விசிறியில் எடை கூடக் கூட, தேவைப்படும் சக்தி அதைவிட வேகமாகக் கூடும். 40 இருந்த இடத்தில் சுமார் 62 கிலோவாட் கேட்கும். போட்டுப் பார், 26 நிமிடம் வரும். 67 கிலோ சுமை கூட்டி ஆறு நிமிடம் வாங்கியிருக்கிறாய். நாலு மடங்காக்கு, 28 நிமிடம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் நேரம் குறையத் தொடங்கும். மோட்டாரும் சட்டமும் கூடவே கனக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பெட்ரோல் ஒரு கிலோவில் சுமார் 12 யூனிட் இருக்கிறது. எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் பயன்படுத்தும், அப்படியும் மூன்று யூனிட். பேட்டரியைப் போலப் பதினைந்து மடங்கு. அதோடு எரிந்த பெட்ரோல் எடையைக் குறைத்துவிட்டுப் போகும். தீர்ந்துபோன பேட்டரி அதே கனத்தோடு கூடவே வரும்.

இன்னொன்றும் கேள். பகலில் கண்ணால் பார்த்து ஓட்டும் ஹெலிகாப்டரில், போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஆகும் எரிபொருள் போக, 20 நிமிட இருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அவசரத்துக்கு என்று நாங்கள் தொடாமல் வைத்திருந்த நேரம், இந்த வண்டியின் முழுப் பயணம்.

அண்ணே, என் டாக்ஸியில் பெல்ட் அறுந்தால் ஓரம் கட்டிவிடுவேன். மேலே ஒரு விசிறி நின்றுபோனால் என்ன செய்வார்கள்?
– டாக்ஸி உரிமையாளர், சாட்ஸ்வர்த்

தம்பி, எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள்தான் கேட்டீர்கள்.

ஹெலிகாப்டரில் எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். விழாது. விமானி ஒன்றிரண்டு விநாடிக்குள் இடது கை லீவரை இறக்கிவிட வேண்டும். பிளேடுகளின் கோணம் குறையும். கீழே இறங்கும்போது அடியிலிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும். தரைக்குப் பக்கத்தில் லீவரை இழுத்தால், ரோட்டரில் சேர்ந்திருக்கும் வேகம் ஒரே ஒரு முறை தூக்கிக் கொடுக்கும். அதற்குப் பெயர் ஆட்டோரொட்டேஷன். பயிற்சி ஹெலிகாப்டர்கள் இதைப் பழகிவிட்டு வந்தால், ஸ்கிட் கால்கள் அகண்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுதான் என் முதல் வேலை. மாணவன் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும், அது வேறு கதை.

இந்தச் சின்ன விசிறி வண்டிகளில் அந்த வித்தை நடக்காது. பிளேடு கோணம் மாறாது, இறுக்கி வைத்தது. சேமித்துக்கொள்ளும் கனமும் அதில் இல்லை. அதனால் வேறு வழி பார்க்கிறார்கள்: நாலு கை, ஒவ்வொரு கையிலும் மேலே ஒன்று கீழே ஒன்று என எட்டு மோட்டார். ஒன்று நின்றால் அதே கையில் இருக்கும் ஜோடி தாங்க வேண்டும். அப்படித் தாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு மோட்டாரும் சாதாரண நேரத்துக்கு வேண்டியதைவிட ரொம்பப் பெரியதாக இருக்க வேண்டும். மறுபடியும் எடை! ஃபீனிக்ஸ் பையனின் 48 கிலோவிலிருந்துதான் அதுவும் வர வேண்டும்.

ஒரு மோட்டார் நிற்பது எனக்குப் பெரிய பயம் இல்லை. எட்டையும் ஒரே சமயத்தில் நிறுத்தக்கூடியவைதான் பயம். பேட்டரி சூடேறித் தீப்பிடிப்பது, கட்டுப்பாட்டுக் கணினி குழம்புவது, ஒரு பொதுக் கம்பி உராய்ந்து அறுவது. பட்டறையில் இருந்தவன் என்பதால் நான் கம்பியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அதிர்வு இருக்கிற எந்த இயந்திரத்திலும் கம்பி எங்கேயாவது உரசிக்கொண்டே இருக்கும்.

பாராசூட் இருக்கிறதே என்பீர்கள். சிரஸ் சிறு விமானங்களில் முழு விமானத்துக்கும் ஒரு பாராசூட் உண்டு, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது விரிந்து தாங்குவதற்குள் சில நூறு அடி போய்விடும். இந்த வண்டிகளோ அந்தச் சில நூறு அடிக்குக் கீழேதான் அதிகம் பறக்கின்றன. விழுந்தால் அடிபடாத உயரம் ஒன்று, பாராசூட் காப்பாற்றும் உயரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் மெதுவாக மிதப்பதுதான் ஆபத்து. ஹெலிகாப்டர்காரர்களுக்கும் இப்படி ஒரு வரைபடம் உண்டு. 'டெட் மேன்ஸ் கர்வ்' என்போம். அதற்குள் வேலையில்லாமல் நிற்காதே என்று முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

டர்பனில் பறப்பது ஜோபர்க்கிலும் அப்படியே பறக்குமா ஐயா?
– வாசகர், லெனேசியா

பறக்கும், ஆனால் மூச்சு வாங்கும். ஜோகன்னஸ்பர்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,694 மீட்டர் உயரம். அங்கே ஒரு ஓடுபாதை 4.4 கிலோமீட்டர் நீளம் இருப்பது அழகுக்காக இல்லை. மெலிந்த காற்றில் பெரிய விமானங்களுக்கே அவ்வளவு ஓட்டம் தேவைப்படுகிறது.

30 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி, கடலோரக் கணக்கைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மின்மோட்டாருக்கு மூச்சுத் திணறாது, அது பெட்ரோல் எஞ்சினைவிட நல்லதுதான். ஆனால் விசிறிக்குத் தள்ளக் காற்று வேண்டுமே. பதிமூன்று சதவீதம் வரை சக்தி கூடுதலாக வேண்டும், விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும், சத்தமும் ஏறும். இருபது நிமிட வண்டி பதினேழு, பதினெட்டு நிமிட வண்டியாகும். ஜூலை மாதக் காலையில் உங்கள் ஊர்க் குளிரில் பேட்டரியே பாதித் தூக்கத்தில் இருக்கும். விளம்பரத்தில் போடும் எண் எந்த உயரத்தில், எந்த வெப்பத்தில், எத்தனை கிலோ ஆளை வைத்து எடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் கடலோரம், இதமான வெயில், ஒல்லியான ஓட்டுநர்.

புனித வெள்ளி அன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலுக்கு வந்தால் வண்டி நிறுத்த இடமே கிடைப்பதில்லை. இந்த வண்டிகள் வந்தால் கோவில் பக்கத்திலேயே இறங்கிவிடலாமே?
– கோவில் தொண்டர், அம்லாங்கா

அம்மா, வேண்டவே வேண்டாம்.

200 கிலோவை 4 சதுர மீட்டர் விசிறியால் தூக்கினால் கீழே போகும் காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும். தரையில் பட்டு நாலா பக்கமும் பரவும். பந்தல், பூத்தட்டு, கற்பூரம், மண்சட்டி நெருப்பு, பால்குடத்தோடு வரிசையில் நிற்கிற பெண்கள், இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் காற்று. ஒரு வண்டிக்கே இப்படி. மணிக்கு ஐம்பது வண்டி வந்தால் கோவில் கூரையில் ஓடு மிஞ்சாது.

சத்தம் இன்னொரு தலைவலி. போயிங் ஆதரவில் கோஃப்ளை என்று ஒரு போட்டி நடந்தது. தனி ஆள் பறக்கும் இயந்திரம், 20 மைல் பறக்க வேண்டும், 50 அடி தூரத்தில் 87 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 87 ஒன்றும் மெல்லிய சத்தம் இல்லை. தவில், உறுமியைத் தாண்டி நீங்கள் அதைக் கேட்பீர்கள். அந்த அளவுக்குக் குறைப்பதே கஷ்டமாக இருந்தது. விசிறி நுனியின் வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும். வேகம் குறைந்தால் விசிறி பெரிதாக வேண்டும். பெரிதானால் கோவில் பக்கம் இறங்க இடம் இருக்காது.

சட்டமும் விடாது. மக்கள் நெருக்கமாக இருக்கும் இடத்துக்கு மேலே, இறங்கும் ஏறும் நேரம் தவிர, 1,000 அடிக்குக் கீழே விமானம் எதுவும் பறக்கக் கூடாது. நடந்து வாருங்கள் அம்மா. வேண்டுதலும் அதுதானே.

எங்கள் பக்கம் காற்றும் பறவைகளும் அதிகம். அதனால் சிக்கல் வருமா?
– வாசகர், வெருலம்

வரும். மேலே சொன்ன போட்டியின் இறுதிச் சுற்று 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் நடந்தது. காற்று பலமாக வீசியதில் பறக்கவே முடியாமல் போனது. பெரிய பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. ஜப்பானின் டெட்ரா குழுவுக்கு ஒரு லட்சம் டாலர் சிறப்புப் பரிசு மட்டும் போயிற்று. அங்கே வந்தவர்கள் யாரும் சாமானியர்கள் இல்லை. காற்று அப்படிப்பட்டது.

நம் நேட்டால் காற்று அதைவிடக் குறும்பு. குளிர்காலத்தில் மலைப் பக்கமிருந்து சூடான பெர்க் காற்று வீசிக்கொண்டிருக்கும். திடீரென்று திரும்பித் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று அடிக்கும். துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும். 200 கிலோ வண்டிக்கு இறக்கை கிடையாது, தாங்கிப் பிடிப்பது மோட்டார்தான். காற்றடியைச் சமாளிக்க மோட்டார் கூடுதல் சக்தி இழுக்கும், இருபது நிமிடத்தில் அதுவும் கழியும்.

பறவைக்கு உங்கள் ஊர்ப் பக்கத்தையே சொல்லலாம். கிங் ஷாகா விமான நிலையத்துக்கு அருகே மவுண்ட் மோர்லாண்ட் நாணல் காட்டில், கோடைகாலத்தில் முப்பது லட்சம் வரை தகைவிலான் குருவிகள் அடைந்ததுண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்தவை. மாலையில் எல்லாம் ஒன்றாக இறங்கும். விமான நிலையம் அதற்காகவே பறவை ரேடார் வைத்தது. ரேடார் வைக்க விமான நிலையத்துக்கு வசதி உண்டு. சட்டை பறக்க உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு? ஒரு ஹடீடா, அந்தப் பெரிய அரிவாள் மூக்கன் பறவை, குறுக்கே வந்தால் போதும்.

நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே "இன்னும் ஐந்து வருடத்தில் பறக்கும் கார்" என்கிறார்கள். ஏன் வரவில்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டீச்சர், வந்துவிட்டது, யாருக்கும் பயன்படவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மோல்ட் டெய்லர் செய்த ஏரோகார் 1949-ல் பறந்தது. 1956-ல் அரசு சான்றிதழும் வாங்கியது. இறக்கையை மடித்து டிரெய்லர் மாதிரி இழுத்துக்கொண்டு ரோட்டில் போகலாம். கட்டியது ஆறே ஆறு. நல்ல காரும் இல்லை, நல்ல விமானமும் இல்லை. ரோட்டுக்கு வேண்டிய பம்பர், கியர், டயர் எல்லாம் வானத்தில் வீண் சுமை. வானத்துக்கு வேண்டிய இறக்கை ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது வீண் சுமை. 2021-ல் ஸ்லோவாக்கியாவின் ஏர்கார் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடம் பறந்தது, அடுத்த ஆண்டு சான்றிதழும் வாங்கியது. அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் ஓடுபாதை வேண்டும். ஓடுபாதை வரை காரில் போய், இறங்கிய ஓடுபாதையிலிருந்து மறுபடி காரில் போகிற ஆளுக்குத்தான் அது.

முதுகில் மாட்டுகிற வகை இன்னும் பழசு. பெல் நிறுவனத்தின் ராக்கெட் பெல்ட் 1961-ல் பறந்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் ஒருவர் அதே மாதிரி ஒன்றில் பறந்து வந்தார். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு தீர்வதற்குள் மொத்தம் 21 விநாடி.

என் மனசு இரங்குவது நியூசிலாந்தின் கிளென் மார்ட்டினுக்கு. 1981-ல் தொடங்கிய யோசனை. 2008-ல் அமெரிக்க விமானக் கண்காட்சியில் காட்டினார். பெட்ரோல் எஞ்சின், இரண்டு பெரிய குழாய் விசிறி. 2015-ல் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது, 2019-ல் மூடிவிட்டார்கள். பறக்கவில்லை என்பதால் மூடவில்லை. பறந்தது. ஆனால் 'பறக்கிறது' என்பதற்கும் 'உங்கள் பிள்ளையை உட்கார வைக்கலாம்' என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் பணத்தையெல்லாம் விழுங்குகிறது. ஒரே போல்ட்டை ஆயிரம் மணி நேரம் குலுக்கிப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே பேட்டரியில் தீ மூட்டிப் பார்க்க வேண்டும். மென்பொருளின் ஒவ்வொரு வரிக்கும் காகிதம் வேண்டும். நான் ஒரு பின் மாற்றினால்கூடக் கையெழுத்துப் போட்டு, இன்னொருவர் பார்த்து அவரும் போட வேண்டியிருந்தது. எரிச்சலாகத்தான் இருக்கும். இரவில் தூக்கம் வந்ததற்கும் அதுதான் காரணம்.

பெரிய பணமும் தப்பவில்லை. கூகுள் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் பணம் போட்ட கிட்டி ஹாக் 2022-ல் மூடப்பட்டது. ஜெர்மனியில் லிலியம், வோலோகாப்டர் இரண்டுமே 2024-ல் திவால் மனு கொடுத்தன. பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றுவோம் என்று வோலோகாப்டர் சொல்லியிருந்தது, நடக்கவில்லை. சீனாவின் ஈஹாங் 2023 அக்டோபரில் அந்த நாட்டு வகைச் சான்றிதழ் வாங்கியது. பதினாறு விசிறி, ஓட்டுநரே இல்லை. இரண்டு பேர் பயணிகளாக உட்கார்ந்தால் போதும். என் கணிப்பு இதுதான்: முதலில் வாழப் போவது டாக்ஸி மாதிரி, குறித்த இரண்டு இடத்துக்கு நடுவில், வேறு யாரோ பராமரிக்கிற வண்டி. வீட்டுக்கு வீடு சொந்தமாக வைத்து, பிளேடில் கீறல் இருக்கிறதா என்று பார்க்காமலே காலையில் அவசரமாகக் கிளம்புகிற வண்டியை நான் நம்பவில்லை. நாம் பேக்கிக்கு ஆயில் மாற்றுகிற லட்சணம் எனக்குத் தெரியும்.

முன்பணம் கட்டினால் வரிசையில் இடம் தருகிறார்கள். கட்டலாமா?
– வாசகர், இசிபிங்கோ

போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய பணமாக இருந்தால் கட்டுங்கள். நிறுவனம் மூழ்கினால் கடன்காரர் வரிசையில் நீங்கள் கடைசியில் நிற்பீர்கள். பறக்கிற ஆசைதான் என்றால், இங்கேயே சிறு விமானம் ஓட்ட நேஷனல் பைலட் லைசென்ஸ் எடுத்துவிடலாம்.

என் மகன் கராஜில் சொந்தமாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறான். நான்கு மோட்டார், அலுமினியக் குழாய். சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். பயமாக இருக்கிறது அண்ணா.
– ஒரு தாய், ஷால்கிராஸ்

நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா. நிறுத்தச் சொன்னால் உங்களுக்குத் தெரியாமல் செய்வான், அது இன்னும் ஆபத்து. இந்தப் பக்கத்தை வெட்டி அவனிடம் கொடுங்கள், மீதியை அவனிடமே சொல்கிறேன்.

தம்பி, நாலு மோட்டார் வேண்டாம். நாலில் ஒன்று நின்றால் கவிழ்ந்துவிடும், மேலே டாக்ஸிக்காரருக்குச் சொன்னதைப் படி. ஆள் உட்கார்ந்து பறக்கும் எதுவும் நம் நாட்டில் விமானம்தான். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு வேண்டும், சொந்தமாகக் கட்டியதற்கு இசட்-யு என்று தொடங்கும் எண் கொடுப்பார்கள், பறக்கவும் தனி அனுமதி வேண்டும். கட்டி முடித்த பிறகு போகாதே. குழாயை வெட்டுவதற்கு முன்பே போய் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளரைப் பார். மூடிய பிறகு உள்ளே எப்படி ஒட்டினாய் என்று அவரால் பார்க்க முடியாது.

முதலில் உன் எடைக்கு மணல் மூட்டையை உட்கார வை. நாலு மூலையிலும் கயிறு கட்டி, தரையில் அடித்த முளையோடு பிணை. நீ தூரத்தில் நின்று ரிமோட்டில் இயக்கு. பேட்டரி தீரும்வரை ஓடட்டும். நின்றதும் ஒவ்வொரு மோட்டாரின் சூட்டையும் அளந்து எழுதி வை. மறுநாள் மறுபடி. எண்கள் ஒரே மாதிரி வரும்வரை மூட்டைதான் பயணி. பிளேடு சுற்றும்போது அதற்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, தங்கச்சியும் நாயும் உட்பட. பிய்ந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும்.

அம்மா, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அந்தப் பேட்டரியை இரவில் கராஜில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க விடாதீர்கள். லோட்ஷெட்டிங் முடிந்து கரண்ட் வந்ததும் தானாக ஏறட்டும் என்று செருகி வைப்பான், பையன்கள் எல்லாரும் செய்வதுதான். பகலில், வெளியே, சிமெண்டுத் தரையில், அவன் கண்ணெதிரே. பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும்.